மூச்சுப் பயிற்சி செய்தால் குரல் திரும்புமா? ஓர் ஆசிரியையின் கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஏழு மாதமாகக் குரல் கரகரப்பு. காலையில் ஓரளவு நன்றாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் கம்மிவிடுகிறது, விடுமுறை நாளில் கொஞ்சம் தெளிகிறது. இ.என்.டி. டாக்டர் ஸ்கோப் போட்டுப் பார்த்து, இரண்டு குரல்நாண்களிலும் நாடுல் என்கிற சிறு தடிப்பு இருக்கிறது, வாய்ஸ் தெரபி எடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊரில் தெரபிஸ்ட் யாரும் இல்லாததால் வீடியோ பார்த்துத் தினமும் பிராணாயாமம், தம் பிடிக்கும் கும்பகம் எல்லாம் செய்கிறாராம். "எந்த மூச்சுப் பயிற்சி செய்தால் நாடுல் கரையும்? ஆபரேஷன் வரைக்கும் போகுமா?" என்று கேட்கிறார்.

டீச்சர், நான் ஸ்பீச் தெரபிஸ்ட். உங்களைப் போன்ற ஆசிரியர்களை நிறையப் பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மூச்சை மட்டும் பலப்படுத்தி நாடுலைக் கரைக்க முடியாது. உங்களுக்கு மூச்சில் பஞ்சம் இருக்க வாய்ப்பில்லை. வெளியே வரும் மூச்சும் குரல்நாண்களும் சந்திக்கிற இடத்தில் அடி பலமாக விழுகிறது. சிகிச்சை அங்கேதான் நடக்க வேண்டும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நெல்சன் ராய் என்பவரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், குரல் கெட்டுப்போன அறுபதுக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடம்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய மைக் செட். இன்னொரு பிரிவுக்கு அதிர்வை முகத்தின் முன்பக்கம் கொண்டுவரும் குரல் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு மூச்சுத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், முதல் இரண்டு பிரிவினருக்கும் குரல் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது. மூச்சுத் தசையை மட்டும் பலப்படுத்தியவர்களுக்கு அப்படிச் சொல்லும்படி எதுவும் குறையவில்லை. அதற்கு முந்தைய வருடம் அதே குழு செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: "தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள்" என்ற அறிவுரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களுக்குப் பெரிய பலன் இல்லை, மைக் மாட்டியவர்கள் தேறினார்கள்.

நம் ஊரில் தம் இருந்தால் குரல் தானாக வரும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. பாட்டு வகுப்பிலும் அதுதான், யோகா வகுப்பிலும் அதுதான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி மெதுவாக ஊதுங்கள். குமிழி வருகிறதா? சாதாரணமாகப் பேசுவதற்குக் குரல்நாண்களுக்குக் கீழே தேவைப்படும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், மிஞ்சிப்போனால் 10 சென்டிமீட்டர். பேசுவதற்கு மலையேறுகிறவனின் நுரையீரல் வேண்டியதில்லை.

அப்படியானால் அடி எங்கே விழுகிறது? பெண்களின் குரல்நாண் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். பேசும்போது இரண்டும் விநாடிக்கு ஏறக்குறைய 200 முறை மோதிப் பிரிகின்றன. ஆண்களுக்கு இது 100 முதல் 130 வரை. ஒரு மணி நேரம் விடாமல் குரல் எழுப்பினால் உங்களுக்கு 7,20,000 மோதல். மெதுவாக மோதினால் அந்த மென்மையான மேல்தோல் தாங்கிக்கொள்ளும். தொண்டையை இறுக்கிக் கத்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. அதிர்கிற பகுதியின் நடுவில்தான் அடி அதிகம். முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம் இருக்கும். கிணற்றுக் கயிறு இழுப்பவர் கையில் காய்ப்பு வருகிற மாதிரி, அங்கே இரண்டு பக்கமும் நேருக்கு நேர் தடித்துப்போவதுதான் நாடுல். அது இருப்பதால் நாண்கள் முழுதாகச் சேராமல் இடைவெளியில் காற்று கசிகிறது. கசிவதால் குரல் எடுபடுவதில்லை. எடுபடவில்லை என்று இன்னும் அழுத்துகிறீர்கள். நாடுல் வளர்வது இந்தச் சுழலில்தான். வளர்ந்த ஆண்களைவிடப் பெண்களிடமும், ஓயாமல் கத்தி விளையாடும் சிறுவர்களிடமும் இது அதிகம்.

காலையில் நன்றாக இருந்து மாலையில் கம்முகிறது, லீவில் தெளிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது நல்ல செய்தி. ஓய்வு கொடுத்தால் வீக்கம் வடிகிறது, நாடுல் இன்னும் கெட்டிப்படவில்லை என்பதற்கான அறிகுறி.

இப்போது நீங்கள் செய்கிற பிராணாயாமத்துக்கு வருகிறேன். கும்பகத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். தம் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தொண்டையை அடைத்துத்தான் பிடிக்கிறார்கள். அப்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று அழுந்திக்கிடக்கும். கபாலபாதி போல உதறி உதறி மூச்சு விடுவதும் இப்போது வேண்டாம். மூக்கின் இரு துவாரங்களிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தியைத் தம் பிடிக்காமல் செய்தால் கெடுதல் இல்லை, மனசு அமைதியாகும், பதற்றம் குறைந்தால் கழுத்துத் தசையும் தளரும். ஆனால் நாடுலுக்கு அது சிகிச்சை ஆகாது. பிராமரி மட்டும் வேறு ரகம். வாயை மூடி வண்டு மாதிரி ரீங்காரம் செய்வது குரல் சிகிச்சையில் நாங்கள் சொல்லித் தருகிற ஒரு பயிற்சிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய சத்தத்தில், கழுத்து இறுகாமல் செய்வதாக இருந்தால் தாராளமாகத் தொடருங்கள்.

சரி, குரலுக்கு மூச்சு எப்படி இருக்க வேண்டும்? மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது புத்தகம் ஏற வேண்டும், தோளும் கழுத்தும் சும்மா இருக்க வேண்டும். இது பிடிபட்டதும் உட்கார்ந்து, பிறகு நின்று செய்யுங்கள். இது வரைக்கும் எல்லா வீடியோவிலும் இருக்கும். இதற்குப் பிறகுதான் விஷயமே. புத்தகத்தை ஏற்றி இறக்குவதிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டால் ஒன்றும் நடக்காது. மூச்சு வெளியே கிளம்பும் அதே கணத்தில் குரலும் கிளம்ப வேண்டும். முதலில் 'ஸ்ஸ்' என்று வெறும் காற்று, பிறகு 'ம்ம்', பிறகு 'மா', பிறகு ஒரு சொல், பிறகு ஒரு வரி. பாடகர் மாதிரி நெஞ்சு நிரம்ப இழுக்காதீர்கள். நிரம்பி வழியும் காற்றை அடக்கத் தொண்டை இறுகும்.

தமிழில் வகுப்பெடுப்பவர்களிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நாளைக்கு எல்லாரும் மூன்றாம் பாடத்தில் இருக்கிற கேள்வி பதிலை வீட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் கேட்க வேண்டிய "எழுதிக்கொண்டு வரவேண்டும்" வருகிற நேரத்தில் காற்று தீர்ந்திருக்கும். மிச்சத்தைத் தொண்டையைப் பிழிந்து சொல்கிறோம். ஒரு நாளில் இப்படி எத்தனை வாக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு வாக்கியத்தைத் துண்டாக்குங்கள். ஒவ்வொரு கோட்டிலும் சின்னதாக ஒரு மூச்சு. பிள்ளைகளுக்கும் பாடம் நன்றாகப் புரியும்.

இன்னொன்று. வகுப்பில் கத்துகிற சொற்களைப் பட்டியல் போட்டால் "உட்காரு", "எழுது", "எழுந்திரு", "அமைதி", "ஏய்", "அங்கே என்ன சத்தம்" என்று வரும். எல்லாமே உயிரெழுத்தில் தொடங்குகின்றன. உயிரெழுத்தை அதட்டிச் சொல்லும்போது குரல்நாண்கள் முதலில் இறுக மூடி, பிறகு வெடித்துத் திறக்கின்றன. மேஜையில் குத்துகிற மாதிரி ஒரு 'டக்' கேட்கும். அதைத் தளர்த்துவதற்கு, அந்த உயிருக்கு முன்னால் கேட்டும் கேட்காத ஒரு 'ஹ' காற்றை விட்டுத் தொடங்கிப் பழகுங்கள். வீட்டில் பத்துப் பதினைந்து சொற்களை வைத்துச் செய்து பாருங்கள், வித்தியாசம் தொண்டையிலேயே தெரியும். வகுப்பில் இவற்றைச் சொல்லவே தேவையில்லாதபடி கைதட்டலோ, சின்ன மணியோ, கையை உயர்த்திக் காட்டுவதோ பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இனி ஸ்ட்ரா. இந்த வீடியோக்கள் நிறையச் சுற்றுவதால் புதிதாக வந்த வித்தை என்று நினைக்கிறார்கள். பின்லாந்தில் அன்டி சோவியார்வி என்பவர் 1960-களிலேயே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை உதட்டிலும் மறுமுனையைத் தண்ணீரிலும் வைத்துக் குரல் எழுப்பும் பயிற்சியைச் செய்ய வைத்தார். அந்த வழியில் வந்த லாக்ஸ் வாக்ஸ் முறையில் கண்ணாடிக்குப் பதில் சுமார் 35 சென்டிமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் குழாய். ஸ்ட்ராவை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே. மூன்றும் ஒரே தத்துவம்தான். வாய்ப் பக்கம் குறுகலாக இருப்பதால் காற்றழுத்தம் பின்னோக்கித் திரும்பி, குரல்நாண்களை மேலிருந்து லேசாகத் தாங்குகிறது. நாண்கள் அதிர்கின்றன, ஆனால் ஒன்றையொன்று அறைவதில்லை. கொஞ்ச முயற்சியில் குரல் எப்படிப் பிறக்கிறது என்பதை உடம்பு மறுபடி கற்றுக்கொள்கிறது.

செய்முறை இதுதான். ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஸ்ட்ராவை 1 அல்லது 2 சென்டிமீட்டர் மட்டும் மூழ்கவிடுங்கள். ஆழம் கூடினால் வேலை கூடும், உங்களுக்கு அது வேண்டாம். காகித ஸ்ட்ரா இரண்டு நிமிடத்தில் ஊறிப்போய்விடும், ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டிலை முகத்துக்கு அருகில் தூக்கிப் பிடியுங்கள், கழுத்து குனியக் கூடாது. உதட்டோரத்திலும் மூக்கிலும் காற்று கசியாமல் முதலில் வெறும் குமிழி விடுங்கள். அப்புறம் அதே ஊதலில் 'ஊ' என்று குரலைச் சேருங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். குமிழி நின்று குரல் மட்டும் கேட்டால் தொண்டையை அடைக்கிறீர்கள் என்று அர்த்தம். குமிழி இருந்து குரல் இல்லையென்றால் வெறும் காற்றை விடுகிறீர்கள். வீட்டில் தெரபிஸ்ட் இல்லாத குறையைக் குமிழி ஓரளவு தீர்த்துவைக்கிறது, அதனால்தான் இந்தப் பயிற்சி எனக்குப் பிடிக்கும். சீராக வந்ததும் குரலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே மெதுவாக வழுக்கிக்கொண்டு போங்கள். அப்புறம் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டை ஸ்ட்ராவுக்குள்ளேயே முனகுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. வகுப்பு தொடங்கும் முன், மதிய உணவுக்கு முன், பள்ளி விட்டதும் செய்தால் மூன்று தடவை ஆகிவிடும், மிச்சத்தை வீட்டில் செய்யலாம். காலையில் அரை மணி நேரம் மொத்தமாகச் செய்துவிட்டு நாள் முழுக்கக் கத்தினால் ஒரு பயனும் இல்லை. வலித்தாலோ, செய்த பிறகு கரகரப்பு கூடினாலோ முறை தவறியிருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.

ஸ்ட்ராவில் கிடைத்த சுகத்தைப் பேச்சுக்கு எடுத்து வருவது அடுத்த கட்டம். பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஸ்ட்ராவை எடுத்த உடனே 'ம்ம்ம்' என்று முனகுங்கள். மேலுதடு, மூக்கின் ஓரம், முன்பற்களுக்குப் பின்னால் ஒரு குறுகுறுப்புத் தெரிய வேண்டும். தொண்டையில் எதுவும் தெரியக் கூடாது. அந்தக் குறுகுறுப்பை விடாமல் "ம்ம்மா", "ம்ம்மாமா", "அம்மா", "மாமரம்", "மழையில் நனைந்த மாமரம்", "நானும் அம்மாவும் மாமாவும்" என்று நீட்டுங்கள். மெல்லின எழுத்துக்கள் நிறைந்த சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, நீங்களே ஒரு பக்கம் எழுதிவிடலாம். பிறகு வல்லினம் கலந்த சொற்கள், ஒரு பத்தி வாசிப்பு, வீட்டில் பேச்சு, போன் பேச்சு, கடைசியாக வகுப்பறை. வகுப்பறையை முதல் வாரமே முயற்சி செய்யாதீர்கள். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமல் குரலை ஏற்றுவது மனித இயல்பு, புதுப் பழக்கம் அந்த இடத்தில்தான் முதலில் உடையும். பாட்டு ஓடவிட்டோ டிவி சத்தம் வைத்தோ வீட்டிலேயே இரைச்சலில் பேசிப் பழகிவிட்டுப் போகலாம்.

சங்கீதம் கற்றவராக இருந்தால் இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்கக் குரல் சிகிச்சை நிபுணர் ஜோசப் ஸ்டெம்பிள் உருவாக்கிய குரல் செயல்பாட்டுப் பயிற்சி. மென்மையான 'ஈ' ஒன்றை முடிந்தவரை நீட்டுவது, கீழிருந்து உச்சத்துக்கு வழுக்குவது, உச்சத்திலிருந்து கீழே வருவது, ஐந்து சுரங்களை ஒவ்வொன்றாக நீட்டி நிறுத்துவது. ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலை மாலை இரு வேளை. அந்த ஐந்து சுரங்கள் நம் சங்கராபரணத்தின் ச ரி க ம ப தான். அசுர சாதகம் செய்கிற மாதிரி ஓங்கிப் பாடக் கூடாது. முடிந்த அளவு மெல்லிய சத்தத்தில், ஆனால் காற்று கசியாமல் பாட வேண்டும். மெல்லியதாகப் பாடுவதுதான் உண்மையில் கஷ்டம்.

மைக் செட்டைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டும். இடுப்பில் மாட்டும் ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் சேர்த்து ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கேட்டால் "சக டீச்சர்கள் சிரிப்பார்கள் சார்" என்பார்கள். சிரிக்கட்டும். எந்தப் பயிற்சியையும் சரியாகச் செய்ய முடியாத ஒருவருக்குக்கூட அடியைக் குறைக்கிற ஒரே பொருள் அது. சிகிச்சை முடிகிற வரைக்குமாவது மாட்டுங்கள். என்னைக் கேட்டால், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சாக்பீஸ் கொடுக்கிற மாதிரி இதையும் கொடுக்க வேண்டும்.

மௌன விரதம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில நாள் முழு மௌனம் சொல்வது உண்டு. நாடுலுக்கு அது தேவையில்லை, பேசும் அளவைக் குறைத்தால் போதும். கிசுகிசுப்பது ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம், பலர் தொண்டையை இறுக்கித்தான் கிசுகிசுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்லும் அளவுக்கு மெல்லிய, ஆனால் குரலோடு கூடிய பேச்சுதான் சரி. அடிக்கடி செருமும் பழக்கம் இருந்தால் செரும வரும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் குடித்து எச்சிலை விழுங்குங்கள். பனங்கற்கண்டு பால், மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. உணவுக் குழாயில் போகிற பொருள் மூச்சுக்குழாய் வாசலில் இருக்கும் நாணைத் தொட்டால் புரையேறிவிடும். இதமாக இருக்கிறதென்றால் சாப்பிடுங்கள், தவறில்லை. அதிமதுரத்தை மட்டும் பி.பி. உள்ளவர்கள் தினமும் அதிகமாகச் சாப்பிட வேண்டாம், ரத்த அழுத்தத்தை ஏற்றும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அமிலம் மேலே வந்து குரல்வளையைப் புண்ணாக்குவது உண்டு.

இங்கே வீடியோவை நம்பிச் செய்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரகரப்பு என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. ஒருவருக்கு மருந்தாகிற பயிற்சி இன்னொருவருக்கு விஷமாகலாம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்க நாண் அசையாமல் போனவர்களுக்கு நாண்கள் சேராததே பிரச்சினை. குரல் காற்றாக வரும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அவர்களுக்கு மேஜையைக் கையால் அழுத்திக்கொண்டு 'ஆ' சொல்லும் பயிற்சி ஒரு காலத்தில் எங்கும் சொல்லித் தரப்பட்டது, இப்போதும் சிலருக்கு அளவோடு கொடுக்கிறார்கள். நாடுல் உள்ள நீங்கள் அதைச் செய்தால் நிலைமை மோசமாகும். ஆபரேஷன் எதுவும் இல்லாமலே இடது நாண் செயலிழந்தால் நெஞ்சையும் பரிசோதிக்க வேண்டும். இடது நாணுக்கான நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றிவிட்டுத்தான் குரல்வளைக்கு வருகிறது, வழியில் எங்கே அழுந்தினாலும் குரலில் தெரியும்.

பார்க்கின்சன் நோயாளியின் நிலை உங்கள் நிலைக்கு நேர் எதிர். அவர் முணுமுணுப்பாகத்தான் பேசுவார், ஆனால் சரியான சத்தத்தில் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். அவருக்கான எல்.எஸ்.வி.டி. லவுட் சிகிச்சையில் வாரம் 4 நாள் வீதம் 4 வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், உரக்கப் பேசுவது ஒன்றே குறிக்கோள். மூச்சுத் தசையைப் பலப்படுத்தும் கருவிக்கும் அவரிடம் வேலை இருக்கிறது. மூச்சை வெளியே தள்ளும் பலம் கூடினால் இருமலும் வலுவாகும்.

மூச்சுப் பயிற்சியே சிகிச்சையாக இருக்கிற ஒரு நோயும் உண்டு. மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டிய குரல்நாண்கள் தவறாக மூடிக்கொள்வது. ஓடும்போது, வாசனைத் திரவியத்தை முகரும்போது, பதற்றத்தில் திடீரெனத் தொண்டை அடைத்து, உள்ளிழுக்கும் மூச்சில் விசில் சத்தம் வரும். ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் இன்ஹேலர் அடித்துப் பயன் காணாதவர்களில் சிலர் இந்த ரகம். அவர்களுக்கு மூக்கால் பூவை முகர்கிற மாதிரி சட்டென்று இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடும் பயிற்சியை, நன்றாக இருக்கும் நேரத்திலேயே பழக்கிவைப்போம். முகரும்போது நாண்கள் தாமாக விரிந்துகொள்ளும். முதலில் ஸ்கோப் பார்த்து இதுதான் என்று உறுதி செய்த பிறகே இதை நம்ப வேண்டும். நிஜமான ஆஸ்துமாக்காரர் இதை நம்பி இன்ஹேலரை விட்டால் உயிருக்கே ஆபத்து.

குரல் உடையாமல் சிறு வயதுக் குரலிலேயே பேசும் இளைஞர்களையும் விட்டுவிடக் கூடாது. கிண்டலுக்குப் பயந்து பேச்சையே குறைத்துக்கொண்டு, இன்டர்வியூவுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பருவ வளர்ச்சியின் மற்ற அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்து, குரல்வளையும் நன்றாக வளர்ந்திருந்தால், பழைய பழக்கத்தில் அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். இருமச் சொல்லி அந்த இருமலின் குரலை நீட்டச் சொன்னாலோ, கழுத்து முன்பக்கக் குருத்தெலும்பை விரலால் லேசாக அழுத்தினாலோ, பலருக்கு முதல் சில அமர்வுகளிலேயே அடிக்குரல் வந்துவிடும். அந்தக் குரலில் வீட்டாரிடம் பேசுவதற்கு வருகிற கூச்சத்தைப் போக்கத்தான் நாட்கள் பிடிக்கும். அதனால் அப்பா அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுவோம்.

எந்தக் கரகரப்பும் 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சிக்கு முன் ஸ்கோப் பார்த்தே ஆக வேண்டும். புகை, புகையிலை, மது பழக்கம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், விழுங்கும்போது வலி, காதுக்குள் வலி, மூச்சில் சத்தம் இதில் ஏதாவது இருந்தால் 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். குரல்நாணில் வரும் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் கரகரப்புதான். சீக்கிரம் பிடித்தால் நன்றாகக் குணமாகும்.

உங்கள் ஆபரேஷன் கேள்விக்கு வருகிறேன். நாடுலுக்கு முதல் சிகிச்சை தெரபிதான். பழக்கம் மாறாமல் வெட்டி எடுத்தால் அதே இடத்தில் மறுபடி வரும். பாலிப் என்கிற சதை வளர்ச்சி, நீர்க்கட்டி என்றால் கதை வேறு. அவற்றுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும், அதற்கு முன்னும் பின்னும் தெரபி இருக்கும். ஒரு பக்கம் நீர்க்கட்டி இருந்து எதிர்ப்பக்கம் உரசித் தடித்திருந்தால் சாதாரண ஸ்கோப்பில் நாடுல் மாதிரியே தெரியலாம். அதனால் முடிந்தால் ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி உள்ள இடத்தில் ஒருமுறை பாருங்கள், நாண் அதிர்வதை மெதுவாக ஓடும் படமாகக் காட்டும் கருவி அது. ஒழுங்காகச் செய்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். மாலைக் குரல் காலைக் குரலை நெருங்குவதுதான் முதல் அறிகுறி. ஒவ்வொரு வாரமும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பத்தியைப் போனில் பதிவு செய்து வையுங்கள். நம் காது நம்மை ஏமாற்றும், பதிவு ஏமாற்றாது.

தெரபிஸ்ட் இல்லாத ஊர் என்றீர்கள். முதல் ஒன்றிரண்டு தடவை நேரில் போய்க் கற்றுக்கொண்டு, மிச்சத்தை வீடியோ காலில் தொடரலாம். குரல் சிகிச்சைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. யாரிடம் போனாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இ.என்.டி. பிரிவில் விசாரித்துப் பாருங்கள். பக்கமாக இருந்தால் மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்துக்கும் போகலாம். எட்டு வாரம் முறையாகச் செய்தும் பதிவில் வித்தியாசமே கேட்கவில்லை என்றால், பயிற்சியை இன்னும் கூட்டாதீர்கள். மறுபடி ஸ்கோப் பார்க்கச் சொல்லுங்கள்.